கீழே, சிறிய எழுத்தில்: இருமொழிப் படப் புத்தகப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இருமொழிப் படப் புத்தகங்கள் வெளியிடும் பதிப்பாளர்களுக்கும், அவற்றைத் தேர்ந்தெடுத்து வாங்கும் நூலகத்தாருக்கும்,

வணக்கம்.

உங்கள் புத்தகங்களைக் குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி என்று வளரும் பிள்ளைகள்தான் எங்கள் கூட்டம். வீட்டு மொழியில் அச்சான ஒரு தாளை அவர்கள் கையில் கொடுப்பதே ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது. இன்று கொடுப்பதற்கு வண்ணப் புத்தகங்கள் இருக்கின்றன என்றால் அதற்குக் காரணம் நீங்கள். இந்த வகைப் புத்தகத்தில் பெரிதாக லாபம் பார்க்க முடியாது என்பதும் தெரியும். ஆகவே நன்றியை முதலில் சொல்லிவிடுகிறேன். இனி வழக்குக்கு வருவோம்.

உங்கள் புத்தகங்களில் இரண்டு மொழிகள் இருக்கின்றன. படிக்கும்படி இருப்பது ஒன்றுதான், அதுவும் பெரும்பாலும் பள்ளி மொழி. வீட்டு மொழி அட்டையில் இருக்கிறது, உள்ளே இருக்கிறது, விற்பனைப் பட்டியலில் தடித்த எழுத்தில் இருக்கிறது. அந்த மொழியில் இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் பழகும் குழந்தைக்கு உதவுகிற மாதிரி மட்டும் இல்லை. இதை மாற்ற முடியும், அதுவும் அதிகச் செலவில்லாமல், என்பதுதான் நான் சொல்ல வந்தது.

கைக்கு எட்டும் ஏதாவதொரு புத்தகத்தை எடுத்து நடுவில் விரித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் நிரம்பிய படம். மேலே, வானம் வெறிச்சோடிக் கிடக்கிற இடத்தில், பெரிய உருண்டை எழுத்தில் ஆங்கிலம், இரண்டே வரி. வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம். கீழே, புல்லும் கல்லும் வரைந்திருக்கிற பகுதியில், அதைவிடச் சிறிய எழுத்தில் நான்கு வரி இன்னொரு மொழி. எழுத்தின் கால்கள் புல்லோடு கலந்துவிடுகின்றன. சில புத்தகங்களில் அதைச் சாய்வெழுத்தாக வேறு போட்டிருப்பார்கள், வித்தியாசம் தெரியட்டும் என்று. தமிழ் எழுத்தைச் சாய்த்தால் என்ன ஆகும் என்று இப்போதுதான் எழுத்து கற்றுக்கொள்ளும் பிள்ளையைக் கேட்டால் தெரியும்.

படம் பார்க்கிற குழந்தை எழுத்தைத் தானாகப் பார்த்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். 2005-இல் கனடாவைச் சேர்ந்த இரண்டு உளவியலாளர்கள், பெரியவர்கள் கதை வாசித்துக் காட்டும்போது மழலையர் வகுப்புக் குழந்தைகளின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ முழு நேரமும் படத்தின் மேல். எழுத்தின் பக்கம் அது போனதே அபூர்வம். ஒரே ஒரு மொழி அச்சாகியிருந்த புத்தகத்திலேயே இந்தக் கதி. இரண்டு மொழி இருந்து, அதில் ஒன்று பெரிதாகவும் மற்றது கால்மாட்டிலும் கிடந்தால், கண் எப்போதாவது எழுத்தைத் தேடும் அந்தச் சில விநாடியில் எது அதற்குக் கிடைக்கும்?

வடிவமைப்பாளர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்த ஏற்பாடு அச்சகத்திலிருந்து வருகிறது. வண்ணப் படம் நான்கு தகடுகளில் அச்சாகும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு. ஒரே புத்தகத்தைப் பல மொழிகளில் சேர்த்து அடிக்கும்போது வண்ணத் தகடுகள் மூன்றும் அப்படியே இருக்கும். எழுத்து உட்கார்ந்திருக்கும் கறுப்புத் தகட்டை மட்டும் மொழிக்கு மொழி மாற்றுவார்கள். செலவு பெருமளவு குறையும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் சின்ன மொழிகளில் வண்ணப் புத்தகமே வந்திருக்காது. ஆனால் ஓவியர் படத்தில் எழுத்துக்கென்று விட்டுவைத்த வெற்றிடம் முதல் மொழிக்காக அளந்தது. பின்னால் வருகிற மொழி அதற்குள் அடங்கியாக வேண்டும். தமிழ்ச் சொல் நீளமானது, விகுதியெல்லாம் ஒட்டிக்கொண்டே வரும். கம்போடியாவின் கெமர் மொழிக்கும் பர்மிய மொழிக்கும் எழுத்து மேலும் கீழும் அடுக்காகப் போகும். உருதுவின் நஸ்தாலிக் எழுத்து சரிந்து இறங்குவதற்கு உயரம் கேட்கும். இடம் கொடுக்காதபோது எல்லாமே சுருங்குகின்றன. உருதுவுக்கும் அரபிக்கும் இன்னொரு சங்கடம், புத்தகம் எந்தப் பக்கமிருந்து திறக்கிறது என்பது. இடமிருந்து வலமாக ஓடும்படி வரைந்த பிள்ளை, வலமிருந்து திறக்கும் புத்தகத்தில் கதைக்கு எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருப்பான்.

ஆகவே முதல் வேண்டுகோள் ஓவியருக்குப் போகிற குறிப்பைப் பற்றியது. வெற்றிடத்தை வீட்டு மொழியின் வரி நீளத்துக்கு அளந்து கொடுங்கள். அதில் ஆங்கிலம் தாராளமாக அடங்கும். தலைகீழாகச் செய்தால் அடங்காது. இதற்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை.

அடுத்தது எழுத்துச் சேர்க்கை. பக்க வடிவமைப்பு மென்பொருளில் இந்திய எழுத்துகளைக் கோக்கும் கம்போசரை இயக்காமல் விட்டால் 'பெட்டி'யின் கொம்பு ப-வுக்கு முன்னால் நிற்காது, பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். படித்துப் பழகிய பெரியவர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டார், மனசு திருத்திப் படித்துவிடும். எழுத்துக்கூட்டுகிற பிள்ளை 'ப' என்று சொல்லிவிட்டு, அனாதையாக நிற்கும் கொம்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு நம் முகத்தைப் பார்க்கும். தப்பு தன்னுடையது என்றுதான் அது நினைக்கும். வரி முடிவில் சொல்லை எங்கே வேண்டுமானாலும் வெட்டிப் போடுவதும் இதே ரகம். 'வந்துகொண்டிருந்த' ஒரு வரியில், 'து' அடுத்த வரியில் தன்னந்தனியாக. செய்தித்தாளில் சகித்துக்கொள்ளலாம். ஐந்து வயதுக்கான புத்தகத்தில், ஒரு வரி ஒரு மூச்சில் சொல்லும்படி முடிய வேண்டும். அந்த மொழியில் படிக்கத் தெரிந்த ஒருவர் அச்சுக்குப் போகும் கடைசிக் கோப்பை, மூலக் கோப்பை அல்ல, உட்கார்ந்து படித்தால் இவையெல்லாம் அரை நாளில் அகப்பட்டுவிடும். மெய்ப்புத் திருத்துநருக்குச் சம்பளம் கொடுப்பதைப் பற்றி நான் பேசினால் நீண்டுவிடும்.

இனி நான் மிகவும் மனம் வைத்துச் சொல்ல விரும்புவது. படிநிலை.

உங்களில் பலர் பின்னட்டையில் 'முதல் நிலை', 'இரண்டாம் நிலை' என்று போடுகிறீர்கள். அந்த நிலை எந்த மொழிக்கு? பார்த்தவரையில் ஆங்கிலத்துக்கு. ஆங்கிலத்தில் மூன்று சொல், நான்கு சொல் என்று எண்ணி எழுதிய வாக்கியத்துக்குக் கீழே, தமிழில் எந்த எழுத்து வருகிறது, எத்தனை கொம்பு, எத்தனை ஒற்று என்று யாரும் எண்ணியதாகத் தெரியவில்லை. ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் குழந்தைக்கு 26 எழுத்து. தமிழ்க் குழந்தைக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247. நம் எழுத்துமுறை ஒழுங்கானதுதான். உயிரையும் மெய்யையும் அறிந்தால் சேர்த்துவிடலாம். ஆனாலும் கண்ணுக்குப் பழக நாளாகும். கன்னடம் போன்ற எழுத்துகளைக் கற்கும் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளும், எழுத்து முழுவதும் வசப்பட முதல் வகுப்பு போதாது, இன்னும் சில ஆண்டுகள் ஆகும் என்றே சொல்கின்றன. ஆகவே எந்த எழுத்து எந்தப் புத்தகத்தில் முதலில் வருகிறது என்பது தமிழில் மிக முக்கியம். கதையின் எளிமையும் எழுத்தின் எளிமையும் வேறு வேறு.

ஒரு மாதிரி சொல்கிறேன். முதல் பக்கம்: வானத்தில் ஒரு பட்டம். எழுத்து: 'பட்டம்.' அடுத்தது: அப்பா நூலை இழுக்கிறார். 'அப்பா பட்டம்.' அடுத்தது: அக்கா மாடியில். 'அக்கா பட்டம்.' அதற்கடுத்த படத்தில் ஒரு சின்னப் பையன் கையில் வெறும் நூல்கண்டு. 'என் பட்டம்?' அவ்வளவுதான். மொத்தம் 11 எழுத்துகள். கொம்பு ஒன்றுகூட இல்லை, உயிர்மெய்க் குறியில் கால் மட்டும். முதல் பக்கத்தில் படித்த சொல்லே திரும்பத் திரும்ப வருவதால், மூன்றாம் பக்கத்தில் குழந்தை படத்தைப் பார்க்காமலே படித்துவிடும். நாலாம் பக்கத்தில் கேள்விக்குறியைப் பார்த்துச் சிரிக்கும், அல்லது பையனுக்காக வருத்தப்படும். கதையும் இருக்கிறது.

இதையே ஆங்கிலத்தில் போட்டால், 'கைட்' என்ற சொல்லில் கடைசி எழுத்து ஒலிக்காது. நடு எழுத்தோ தன் பெயரைச் சொல்லி ஒலிக்கும். ஆங்கிலப் பாட வரிசையில் அது பின்னால் வருகிற பாடம். அதாவது தமிழில் முதல் நிலையான புத்தகம் ஆங்கிலத்தில் முதல் நிலை அல்ல. அப்படியானால் ஆங்கிலத்தில் முதல் நிலையான உங்கள் புத்தகம் தமிழில் எந்த நிலை என்று யோசித்துப் பாருங்கள். ஒரே புத்தகத்துக்கு இரண்டு மொழிக்கும் தனித்தனியாக நிலை போடுவது ஒன்றும் கேவலமில்லை. 'தமிழில் முதல் நிலை, ஆங்கிலத்தில் பெரியவர் வாசித்துக் காட்ட' என்று அட்டையில் எழுதுங்கள். எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இதற்கு வழி ஒன்றுதான். வீட்டு மொழியில் முதலில் எழுதப்பட்ட புத்தகங்கள் உங்கள் பட்டியலில் வேண்டும். மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை அட்டையில் போடுங்கள், பதிப்புரிமைப் பக்கத்தின் அடியில் ஒளித்துவைக்காதீர்கள். ஆனால் எந்த எழுத்து முதலில், எந்தச் சொல் எத்தனை முறை என்ற கணக்கை, வேறு மொழியில் முடிந்துபோன கதையின்மேல் திணிக்க முடியாது. கதை பிறக்கும்போதே அந்தக் கணக்கும் கூடவே பிறக்க வேண்டும்.

நடை பற்றியும் ஒரு சொல். எழுதும் தமிழும் பேசும் தமிழும் விலகி நிற்பது நமக்குப் பழைய தலைவலி. அரபிக்காரர்களுக்கும் இதே தலைவலிதான். வீட்டில் கேட்டே இராத இலக்கண நடையை ஐந்து வயதில் நீட்டினால், குழந்தை அதை இன்னொரு அந்நிய மொழியாகவே எடுத்துக்கொள்ளும். முழுக்க முழுக்கப் பேச்சில் எழுதினால் எந்த வட்டாரப் பேச்சு என்ற சண்டை வரும். என் அனுபவத்தில் எடுபடுவது இதுதான்: கதை சொல்வது எளிய எழுத்து நடையில், கதைமாந்தர் பேசுவது பேச்சு நடையில். 'இங்க வா' என்று அம்மா கூப்பிட்டால் அது அம்மாவின் குரலாகக் கேட்கிறது. இதை எதிர்க்கிற ஆசிரியர்கள் உண்டு. வாதிடத் தயார்.

'பெற்றோர் ஆங்கிலத்துக்காகத்தான் வாங்குகிறார்கள், வீட்டு மொழி ஒரு நல்லெண்ணச் சேர்க்கை' என்று உங்கள் விற்பனைப் பிரிவு சொல்லும். பெற்றோரைக் குறை சொல்ல மாட்டேன், பள்ளி கேட்பது எதுவோ அதைத்தானே அவர்கள் வாங்குவார்கள். ஆனால் ஒன்றைக் கொடுத்தால் மற்றது குறையும் என்ற கணக்கே தவறு. நைஜீரியாவின் இலே-இஃபேயில் 1970-இல் தொடங்கிய ஆறாண்டுத் திட்டம் இதற்குப் பெயர்பெற்ற சான்று. கல்வியாளர் பாப்ஸ் ஃபஃபுன்வா தலைமையில், ஒரு தொகுதிக் குழந்தைகளுக்குத் தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டும் தாய்மொழியான யொரூபாவிலேயே பாடம், ஆங்கிலம் ஒரு பாடமாக மட்டும். இன்னொரு தொகுதிக்கு வழக்கம்போல மூன்று ஆண்டுக்குப் பின் எல்லாம் ஆங்கிலத்தில். முதல் தொகுதி மற்றப் பாடங்களில் முந்தியது, ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. படிக்கும் திறன் என்பது ஒரு மொழியில் வசப்பட்டால் அடுத்த மொழிக்கும் கைகொடுக்கும் என்று கனடாவின் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே எழுதிவிட்டார். அந்த நாட்டிலேயே கால்கரி நகர மழலையர் வகுப்புகளில் பஞ்சாபி, உருது, பிரெஞ்சு இருமொழிப் புத்தகங்களை வாசித்துக் காட்டியபோது, அந்த மொழிகளை வீட்டில் பேசும் பிள்ளைகள் எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் திறனில் கூடுதலாக முன்னேறினார்கள். தாங்கள் பேசும் அல்லது புரிந்துகொள்ளும் மொழியில் கல்வி கிடைக்காதவர்கள் உலக மக்களில் 40 சதவீதம் என்று யுனெஸ்கோ 2016-இல் கணக்குச் சொன்னது. உங்கள் சந்தை சிறியது என்று யார் சொன்னது?

இருமொழிப் படப் புத்தகம் புதிதாக முளைத்த நாகரிகமும் அல்ல. குழந்தைகளுக்கான படப் புத்தகங்களின் மூதாதை என்று பலரும் சொல்கிற ஒன்று, செக் கல்வியாளர் கொமேனியஸ் 1658-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்கில் வெளியிட்டது. அதுவே இருமொழிதான். லத்தீனும் ஜெர்மனும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண், அதே எண் இரண்டு பத்தியிலும். எழுத்துகளை விலங்கு, பறவைகளின் ஒலியோடு சொல்லித்தரும் வரிசை காக்கை கரைவதிலிருந்து தொடங்குகிறது. ஒரு மொழியை மேலேயும் இன்னொன்றைக் காலடியிலும் போட அவருக்குத் தோன்றவில்லை. மறு ஆண்டே லத்தீன்-ஆங்கிலப் பதிப்பு லண்டனில் வந்துவிட்டது. அவருடைய தாய்மொழியான செக் மொழியோ, 1685-இல் இன்றைய ஸ்லோவாக்கியாவின் லெவோச்சாவில் வந்த நான்மொழிப் பதிப்பில்தான் இடம்பிடித்தது. அவர் 1670-இல் இறந்துவிட்டார். வீட்டு மொழி வரிசையில் கடைசியில் நிற்பது அன்றைக்கே தொடங்கிவிட்டது போலும்.

ஒலிபெயர்ப்பைப் பற்றி ஒரு குறுக்கீடு. வீட்டு மொழிச் சொற்களை ரோமன் எழுத்தில் மூன்றாவது வரியாகப் போடும் பழக்கம் பரவுகிறது. தமிழ் பேசத் தெரிந்து படிக்கத் தெரியாத பெற்றோருக்காக என்கிறீர்கள், நியாயம். ஆனால் பக்கத்தில் அது இருக்கும்வரை அந்த வீட்டில் ஒருவரும் தமிழ் எழுத்தைப் பார்க்க மாட்டார்கள். அதைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுங்கள். கூடவே ஒலிப்பதிவுக்கு ஒரு க்யூஆர் கோடு போடுங்கள், நிதானமாக, விரல் வைத்துப் பின்தொடரும் வேகத்தில் வாசித்தது. விளம்பரக் குரல் வேண்டாம்.

நூலகத்தாருக்கு. பிப்ரவரி 21 தாய்மொழி நாள். 1999-இல் யுனெஸ்கோ அறிவித்து 2000 முதல் கொண்டாடுகிறோம். அன்றைக்கு வாசலில் ஒரு மேசை போட்டு இந்தப் புத்தகங்களை அடுக்குகிறீர்கள், மறுநாள் அவை 'பிற மொழிகள்' அடுக்குக்குப் போய்விடுகின்றன. படப் புத்தகம் எங்கே இருக்கிறதோ அங்கேயே, மற்றவற்றோடு கலந்து வையுங்கள். வாங்கும்போது அட்டையைப் பார்த்து முடிவு செய்யாமல், அந்த மொழி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் நடுப்பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இருமொழிப் புத்தகத்தோடு நின்றுவிடவும் வேண்டாம். அதைப் படித்து முடித்த குழந்தைக்கு அடுத்து அந்த மொழி மட்டுமே உள்ள புத்தகம் வேண்டும். அந்த அடுக்கு காலியாக இருந்தால் இதுவரை செய்ததெல்லாம் பாதியில் நிற்கும்.

அந்த அடுக்கை நிரப்பப் பணமில்லை என்பீர்கள். பாதி வேலை ஏற்கெனவே நடந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக்கும், இந்தியப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவரும் இணையத்தில் திறந்த உரிமத்தில் கதைகளை வைத்திருக்கின்றன. யாரும் பதிவிறக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். தரம் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும். தேர்ந்தெடுக்க உங்களிடம் ஆள் இருக்கிறார்களே. கனடாவின் தார்ன்வுட் பள்ளியில் பிள்ளைகளே பெற்றோர் துணையோடு இரண்டு மொழியிலும் கதை எழுதிப் புத்தகமாக்கினார்கள். ஒரு நூலகத்தில் அச்சுப்பொறியும் ஸ்டேப்ளரும் இருந்தால் போதும். அச்சுமரபே இல்லாத மொழிகளைப் பேசும் பிள்ளைகளுக்கு இன்றைக்கு இதைவிட்டால் வேறு வழியும் இல்லை. அந்த மொழிகளுக்கு எந்த எழுத்து, எந்தக் குறி என்பதை அம்மக்களே தீர்மானிக்கட்டும். நாம் அவசரப்பட்டு ஒன்றைக் கட்டிவைக்க வேண்டாம்.

பதிப்பாளர்களிடம் கடைசியாக ஒன்று கேட்கிறேன். அடுத்த பட்டியலுக்கான மாதிரிப் பக்கங்கள் தயாரானதும், அச்சுக்குப் போகும் முன், கறுப்பு-வெள்ளையில் ஒரு பிரதி எடுத்து அனுப்புங்கள். தாளின் தரம் முக்கியமில்லை. வீட்டு மொழியில் இப்போது எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்கிறோம். எந்தச் சொல்லில் விரல் நிற்கிறது, எந்த வரியில் படத்துக்கு ஓடிவிடுகிறார்கள், எந்தப் பக்கத்தில் 'இன்னொரு தடவை' என்கிறார்கள் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து, ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்பிவிடுகிறோம். கட்டணம் எதுவும் வேண்டாம். புத்தகம் வந்ததும் ஒரு பிரதி கொடுத்தால் போதும், அந்தப் பிள்ளைகளுக்கு.

இப்படிக்கு,
உங்கள் புத்தகங்களை வாசித்துக் காட்டும் ஒருத்தி